கடாரம் நம்முடையது என்றால் அதன் கிரண்ட் எங்கே?

வானம் தெளிந்த நாளில் மெர்கோங்கிலிருந்து தெற்கே பார்த்தால், வயல்வெளிக்கு அப்பால் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். உயரம் 1,200 மீட்டருக்கும் மேல். வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்காரர்களுக்குக் கரை நெருங்கிவிட்டது என்று சொன்னது அந்த மலைதான். இன்று நம்மவர்கள் அந்த மலையைப் பார்த்தால் பேருந்து பிடிக்கிறார்கள். பள்ளி விடுமுறை வந்ததும் ஏதாவது ஒரு மன்றம் சுற்றுலா ஏற்பாடு செய்யும். துப்பா நீர்வீழ்ச்சியில் குளியல், மரத்தடியில் புளிச்சாதம், பிறகு மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், கடைசியாகப் புக்கிட் பத்து பகாட் சண்டியின் படிக்கட்டில் குழுப்படம். "எங்கள் சோழன் வென்ற கடாரம்" என்று படத்தின் கீழே ஒரு வரி. அத்தோடு வரலாற்றுக் கடமை முடிந்தது!

நானும் போனேன். அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதும் தைரியம் வந்தது.

படம் எடுத்து முடித்ததும் எங்களோடு வந்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், எட்டு இருக்கு, பதினாறு இருக்கு. பதினொன்னு எங்க?" சண்டிகளுக்கு உள்ள எண்களை அவள் கவனித்திருக்கிறாள். 1930களில் இங்கே அகழாய்வு செய்த குவாரிச் வேல்ஸ் காலத்திலிருந்து வரும் எண்கள் அவை. நாங்கள் நின்றிருந்த புக்கிட் பத்து பகாட் எட்டாவது. பெண்டியாட் பதினாறாவது. பெரியவர்கள் நாற்பது பேர் இருந்தோம். ஒருவர் வாயும் திறக்கவில்லை.

பதினொன்றாம் சண்டி சுங்கை பத்துவில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானது என்று ஆய்வாளர்கள் கணித்த அடித்தளம். 2013ஆம் ஆண்டு வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது மண்வாரி இயந்திரம் அதையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஆண்டு இறுதியில்தான் செய்தி வெளியே வந்தது. நாடே கொதித்தது, அறிக்கைகள் பறந்தன. மாநில அரசுத் தரப்பின் பதில் சுருக்கமானது: நிலம் தனியாருடையது, அந்த இடம் கெசட் செய்யப்படவில்லை.

இந்தப் பதிலை நாம் முதல் தடவையாகவா கேட்கிறோம்? தோட்டத்தை விற்கிறார்கள். நிலம் மேம்பாட்டாளர் கைக்குப் போகிறது. மூன்று தலைமுறையாகத் தீமிதி நடந்த மாரியம்மன் கோயிலுக்கு நோட்டீஸ் வருகிறது. கிரண்ட் உண்டா? இல்லை. பதிவு உண்டா? இல்லை. அப்படியென்றால் அது "சட்டவிரோதக் கட்டடம்". பாடாங் ஜாவா மாரியம்மன் கோயில் 30.10.2007 அன்று உடைக்கப்பட்டதையும், அடுத்த மாதம் 25ஆம் தேதி கோலாலம்பூர் சாலைகளில் என்ன நடந்தது என்பதையும் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நூறு வருடக் கோயிலானாலும் ஆயிரம் வருடச் சண்டியானாலும், காகிதத்தில் இல்லாதது மண்ணிலும் இல்லை என்பதுதான் கணக்கு.

ஒரு வழக்கறிஞனாகச் சொல்கிறேன், 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் உயிர்நாடியே பதிவுதான். கிரண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்று அந்தக் காகிதம் கேட்காது. அதைக் கேட்பதற்கென்றுதான் 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. ஆணையர் ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்கலாம், ஆபத்து இருந்தால் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையும் போடலாம். ஆனால் நிலம் மாநில அதிகாரம். எனவே மாநிலத்தின் சம்மதம் வேண்டும். மத்தியைக் கேட்டால் மாநிலத்தைக் கைகாட்டும், மாநிலத்தைக் கேட்டால் நில உரிமையாளரைக் கைகாட்டும். இந்த மூன்று கைகளுக்கு நடுவில்தான் பதினொன்றாம் சண்டி போனது.

இனி நம் பக்கம் வருகிறேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நம் தலைவர்கள் மேடை ஏறினால் ராஜேந்திரன், யானை, கப்பல் படை. 1025 வாக்கில் நடந்த படையெடுப்பு உண்மை. தஞ்சைக் கோயில் கல்வெட்டில் கடாரம் இருப்பதும் உண்மை. ஆனால் பள்ளத்தாக்கில் கிடப்பது ஒரு போரின் மிச்சமா? அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே வந்து போன புத்தகுப்தன் என்ற மாலுமியின் சமஸ்கிருதக் கல்வெட்டை 1830களில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்தார். சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகள் வந்தன. அவற்றின் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை. 2023இல் யான் பக்கம் புக்கிட் சோராஸில் சுதையால் செய்த புத்தர் சிலைகள் கிடைத்தன. இரும்பு உருக்கியவன், செங்கல் சுட்டவன், காட்டுப்பொருள் சுமந்து வந்தவன் எல்லாம் இந்த மண்ணின் ஆள். கூடவே தமிழனும் வங்காளியும் சீனனும் இருந்தான். "இது எங்கள் தாத்தா பிடித்த ஊர்" என்று நாம் கத்தக் கத்த, "சரி, அது அந்நியனுடைய வரலாறு, எங்களுக்கு எதற்கு?" என்று சொல்லக் காத்திருப்பவனுக்குத்தான் வேலை சுலபமாகிறது. வென்றவனின் பேரன் என்பதால் அல்ல, இந்த நாட்டுக் குடிமகன் என்பதால் கேட்கிறேன். அந்தக் கேள்விக்குத்தான் பலம்.

நீதிமன்றத்திலும் அப்படித்தான். 1988இல் லிம் கிட் சியாங் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, பொதுநல வழக்கோடு போனால் "உனக்கென்ன தனிப்பட்ட இழப்பு?" என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். 2014இல் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. பாதிப்புக்கு உள்ளானவன், உண்மையான அக்கறை உள்ளவன் என்று காட்டினால் சீராய்வு மனு போடலாம். அக்கறையை எதை வைத்துக் காட்டுவது? குழுப்படத்தை வைத்தா? எழுதிய கடிதம், கொடுத்த மனு, கிடைத்த பதில், கிடைக்காத பதில். அவைதான் ஆவணம்.

சோழர் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். கொடுத்ததைச் செப்பேட்டில் எல்லை போட்டுப் பதிந்தார்கள். லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அதற்கு லெய்டன் செப்பேடு என்று பெயர். விகாரையின் எச்சம் என்று கருதப்பட்ட கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். கட்டடம் போயும் காகிதம் நின்றது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்த புத்தி நமக்கு இல்லை!

அன்று எங்களோடு ஒரு பாட்டியும் வந்திருந்தார். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "எங்க தோட்டத்துலயும் கித்தா மரத்துக்கு நடுவுல ஒரு செங்கல் மேடு கெடந்துச்சு தம்பி. காலையில பெரட்டு முடிஞ்சி அந்தப் பக்கம் போனா ஒரு பூ போட்டுட்டுத்தான் போவோம். மண்டோரு கூட அதுமேல ஏற மாட்டாரு." அது என்ன மேடு, பழைய சூளையா, சண்டியா, யாருக்கும் தெரியாது. எந்த அகழாய்வுப் பட்டியலிலும் அது இருக்கிறதா என்று பார்த்தவர்களும் இல்லை. பால் வெட்டிய தலைமுறைக்குத் தோட்டத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே சுற்றுலா போகிற மன்றங்களுக்கு என் கோரிக்கை இதுதான். போங்கள், குளியுங்கள், சாப்பிடுங்கள். கூடவே தோட்டத்து முதியவர்கள் நாலு பேரை அழைத்துப் போங்கள். அவர்கள் காட்டும் இடத்தைப் படமெடுத்து, எந்த லாட் என்று கண்டுபிடித்து, சுங்கை பட்டாணியில் உள்ள கோலமூடா நில அலுவலகத்தில் அந்த லாட் யார் பெயரில் இருக்கிறது என்று தேடல் மனு போடுங்கள். மரபுடைமை ஆணையருக்கு ஒரு கடிதம், மந்திரி புசாருக்கு ஒரு நகல், பதிவுத் தபாலில். தேசிய மரபுடைமையாக ஒன்றை அறிவிக்கப் பரிந்துரைக்கும் உரிமையைச் சட்டம் எந்த ஆளுக்கும் கொடுக்கிறது. தேசிய மொழியில் எழுத ஆள் இல்லையென்றால் எங்களிடம் வாருங்கள், கட்டணம் இல்லை.

பாட்டி சொன்ன மேட்டுக்கு அடுத்த மாதம் போகிறோம். அந்தத் தோட்டத்தை விற்று ஏழு வருடமாகிறது. கேட்டில் காவலாளி இருக்கிறாராம். பதினொன்றைக் கேட்ட பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.