'யூசர்' ஏன் டீம்ல இல்ல?

ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த இன்ஜினியரிங் காலேஜோட டைட்டில் லிஸ்ட்டை எடுத்தாலும், மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு ஆப்போ டிவைஸோ இருக்கும். அந்த டீம்ல ஒரு மாற்றுத்திறனாளி இருக்காரா? அதுவும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்னா, "அவங்க எப்படி ரிசர்ச் பண்ணுவாங்க?"னு கேட்போம்.

பண்றாங்க. இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா பல்கலைக்கழகங்கள்ல சக ஆராய்ச்சியாளராவே இருக்காங்க. எதைக் கேட்கணும்னு முடிவு பண்றாங்க, பேட்டி எடுக்கிறாங்க, பதில்களை அலசுறாங்க. ஜேன் வால்ம்ஸ்லியும் கெல்லி ஜான்சனும் இதைப் பத்தி 2003-லயே ஒரு புத்தகம் எழுதிட்டாங்க.

இதுக்குப் பெரிய டெக்னாலஜி எதுவும் வேண்டாம். நோட்ஸுக்குப் பதிலா வாய்ஸ் ரெக்கார்டிங், ஃபார்முக்குப் பதிலா போட்டோ, சின்னச் சின்ன வாக்கியத்துல படத்தோட ஒரு மீட்டிங் குறிப்பு. எல்லாம் நம்ம போன்லயே முடியும். தடையும் அதே போன்லதான் இருக்கு: சட்டுனு காலாவதியாகிற ஓடிபி, கோணல்மாணலான கேப்ட்சா, அப்டேட்டுக்கு அப்புறம் இடம் மாறிப்போன பட்டன். நமக்கு இது வெறும் எரிச்சல். அவங்களுக்கு அதோட வேலையே நின்னுடும். டீம்ல ஒருத்தரா இருந்தா முதல் வாரமே இதைச் சொல்லிடுவாங்க. டெமோ அன்னிக்கு மட்டும் கூப்பிட்டா, போட்டோவுக்கு நின்னுட்டுப் போயிடுவாங்க.

நம்ம சென்னையிலயே ஒரு நல்ல தொடக்கம் இருக்கு. பேச முடியாத குழந்தைகள் படத்தைத் தொட்டுப் பேச உதவுற 'ஆவாஸ்', கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்போட சேர்ந்து உருவானது. பயன்படுத்துறவங்க பக்கத்துல இருந்ததாலதான் அது லேபைத் தாண்டி வெளியே வந்துச்சுனு நினைக்கிறேன். அடுத்த படி, அவங்களையும் டீம்ல சேர்க்கிறது.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6-வது பிரிவைப் படிங்க. மாற்றுத்திறனாளியை ஆராய்ச்சிக்கு உட்படுத்தணும்னா, அவருக்குப் புரியுற வடிவத்துல விளக்கி, அவரோட சம்மதத்தை வாங்கணும். அரசு அமைக்கிற குழுவோட முன்அனுமதியும் வேணும். அந்தக் குழுவுல குறைஞ்சது பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாவோ, அவங்களுக்கான பதிவுபெற்ற அமைப்புகளோட உறுப்பினர்களாவோ இருக்கணும். நம்மள்ல எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கோம்?

"ஒரு செமஸ்டர்ல இதுக்கெல்லாம் டைம் எங்க?" நியாயமான கேள்விதான். வேலை மெதுவாதான் நடக்கும். அதனால டைட்டிலைச் சின்னதாக்குங்க. ப்ராஜெக்ட் பட்ஜெட்ல அவங்க உழைப்புக்கும் பஸ் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்க. ரிப்போர்ட்ல அவங்க பேரை நன்றியுரையில போடாம, முதல் பக்கத்துல உங்க பேரோட சேர்த்துப் போடுங்க.

ஜீரோத் ரிவ்யூல "யூசருக்கு என்ன தேவை?"னு கைடு கேட்டா, பதில் அவங்ககிட்ட இருந்தே வரட்டும்.