திரும்பப் பெற வேண்டியவர் யார்?

வில்லியனூரிலும் பாகூரிலும் ஏர் பிடித்த கைகள் படைக்கலம் பிடிக்கச் சென்றபோது, நல்லுடல் என்று சான்றளித்தவர்கள் படைத்துறை மருத்துவர்களே. அவ்வுடல் குறைபட்டுத் திரும்பியபின், பணியால் வந்த குறையன்று எனக் கைவிரிப்பது எவ்வகை அறம்?

சேரும்பொழுது குறிக்கப்படாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ளத்தக்கது. அன்றென மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என்று, 2013-இல் தரம்வீர் சிங்கு வழக்கில் உச்சநயன்மன்றம் தீர்த்துரைத்தது. 2014-இல் இராம் அவதார் வழக்கில், ஊன ஓய்வூதியத்தை எதிர்த்த அரசின் மேன்முறையீடுகள் கூட்டாகத் தள்ளப்பட்டன. 2015-இல் படைத்துறை அமைச்சே அமைத்த வல்லுநர் குழு, இத்தகைய வழக்குகளைத் திரும்பப் பெறுமாறு பரிந்துரைத்தது. பின்னும் தில்லி அடங்கியதா? 2025-இல் தில்லி உயர்நயன்மன்றத்திலும் கூட்டங்கூட்டமாக வழக்குத் தொடுத்துத் தோற்றது!

தில்லிக்கு வழக்கென்பது ஒரு கோப்பு. ஊனமுற்ற மறவனுக்கோ அஃது எஞ்சிய வாழ்நாள். பாகூரான் சென்னைத் தீர்ப்பாயத்திற்குச் செல்ல வேண்டும். அங்கு வழங்கும் மொழியோ ஆங்கிலம். தன் உடலைப் பற்றிய முடிவைத் தன் மொழியில் படிக்கவியலாதவன், சலித்து முறையீட்டையே திரும்பப் பெறுகிறான். ஆள்வோர்க்கு அதனினும் எளிய வெற்றி வேறுண்டோ?

புதுவையில் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1965-இலேயே வந்தது. நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் குறைமுறையிடலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு. கேள்வி தமிழில் போகலாம். விடைமட்டும் ஆங்கிலத்தில் வருவதா?

மறவனே, உன் முறையீட்டைக் கைவிடாதே! திரும்பப் பெற வேண்டியது நீயல்லை, தில்லியே!