கைவிடும் முன் சொல்ல வேண்டும்: ஓட்டுநர் உதவிக் கருவிகள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கனரக வண்டிகளில் தானே பிரேக் பிடிக்கும் கருவி, தூக்கக் கலக்கத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவி, தடம் விலகினால் எச்சரிக்கும் கருவி ஆகியவற்றைக் கட்டாயமாக்க ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 மார்ச்சில் வெளியிட்ட வரைவு விதியைப் பற்றி உறுப்பினர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புதிய மாடல்களுக்கு 2026 ஏப்ரல், ஏற்கெனவே விற்பனையில் இருப்பவற்றுக்கு 2026 அக்டோபர் என்று அதில் காலம் குறித்திருந்தார்கள். தேதி முன்பின் நகரலாம்; கருவி நம் கேபினுக்குள் வரப்போவது உறுதி.

சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரி வைத்திருப்போரும் ஓட்டுவோரும் பாடி கட்டுவோரும் சேர்ந்திருக்கும் சங்கம் இது. மூன்று தரப்புக்கும் எல்லாவற்றிலும் ஒரே கருத்து இருக்க முடியாது, இருக்கவும் இல்லை. ஒன்றில் மட்டும் செயற்குழுவில் ஒருவர்கூட மாறுபடவில்லை. கருவி தன் வேலையை நிறுத்தினால் அது ஓட்டுநருக்கு அந்தக் கணமே தெரிந்தாக வேண்டும். தெரிவிக்காமல் நின்றுபோன கருவியின் பழியை ஓட்டுநர் சுமக்க முடியாது.

கருவிகளைக் கொள்கை அளவில் வரவேற்கிறோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளையும், அதில் போன உயிர்களையும் அறிந்த யாரும் இன்னொரு பாதுகாப்பை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால், கருவியால் ஏறும் விலையில் ஒரு பங்கையாவது வரிச் சலுகையாக அரசு ஏற்க வேண்டும். சேஸிஸாக வாங்கி இங்கே கேபின் கட்டப்படும் வண்டிகளில் கேமராவை எங்கே பொருத்துவது, யார் சரிபார்த்துச் சான்று தருவது என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். தூக்க எச்சரிக்கை வந்துவிட்டது என்பதற்காக ஓட்டுநரின் ஓய்வு நேரத்தைக் குறைக்கக் கூடாது. இது எங்களில் உரிமையாளர்களாக இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓட்டும் வசதியைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. நீண்ட தூர வண்டிக்கு அது உதவும் என்று சில உறுப்பினர்கள் கருதுகிறார்கள். தடக்கோடு அழிந்த சாலை, எதிர்த் திசையில் வரும் மொபட், பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர், பக்கவாட்டில் பிதுங்கிய வைக்கோல் வண்டி இவற்றுக்கு நடுவே அதை நம்ப முடியாது என்பது பெரும்பான்மையோர் கருத்து. எனவே, இப்போதைய சாலை நிலையில் லாரிகளுக்கு அந்த வசதி பொருத்தமற்றது என்று சங்கம் கருதுகிறது. சாலை திருந்தினால் மறுபடி பேசலாம்.

இனி, நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம்.

இரண்டு டிரைவர்கள் போகும் வண்டியில் கை மாறுவது எப்படி என்று நம் செட்டுகளில் எல்லோருக்கும் தெரியும். வண்டியை ஓரம் கட்டுவார்கள். இறங்குகிறவர் ஏறுகிறவரிடம், பிரேக் கொஞ்சம் இறக்கமாகப் பிடிக்கிறது, பின் டயரைப் பார்த்துக்கொள், இடப்பக்கக் கண்ணாடி ஆடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவார். ஓடுகிற வண்டியில் எதுவும் சொல்லாமல் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஒருவர் எழுந்து போனால் அவரை எந்த உரிமையாளரும் மறுநாள் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். மனிதன் செய்தால் குற்றமாகும் அதே காரியத்தைக் கருவி செய்தால் மட்டும் தொழில்நுட்ப வரம்பு என்கிறார்கள். இதை ஏற்க மாட்டோம்.

கருவி சொல்லாமல் கைவிட்டால் ஒவ்வொரு வினாடியும் முக்கியம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் போய்விடும். நின்றுகொண்டிருந்த அவசர ஊர்திகள் போன்றவற்றின் மீது டெஸ்லா கார்கள் மோதிய 16 விபத்துகளை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்தது. 2022 ஜூனில் அது வெளியிட்ட ஆவணத்தின்படி, மோதலுக்கு முன் ஒரு வினாடிகூட மீதமில்லாத நேரத்தில்தான் சராசரியாக அந்தக் கார்களின் ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவிக் கருவி கட்டுப்பாட்டை விட்டிருக்கிறது. 2023 டிசம்பரில் எச்சரிக்கைகளை வலுப்படுத்துவதற்காக டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்குத் திருத்தம் செய்ய வேண்டி வந்தது. சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் 2025 மார்ச் 29 இரவு ஒரு சியோமி கார் கான்கிரீட் தடுப்பில் மோதி மூன்று இளம்பெண்கள் இறந்தார்கள். தடை இருக்கிறது என்று கார் எச்சரித்ததற்கும் மோதலுக்கும் இடையே இருந்தவை சில வினாடிகளே என்பது அந்த நிறுவனமே வெளியிட்ட விவரம்.

எச்சரித்தால் மட்டும் போதாது என்பதை விமானத் துறை காட்டுகிறது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்களில் பனி உறைந்தது. தானியங்கி ஓட்டம் விலகிக்கொண்டது. அங்கே எச்சரிக்கை ஒலித்தது, பயிற்சி பெற்ற விமானிகளும் இருந்தார்கள். அப்படியும் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் நிலைமை கைமீறி 228 பேர் இறந்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், முட்டை லோடு ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஓட்டி வரும் நம் டிரைவரிடம், டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததே, நீ ஏன் பார்க்கவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பார்கள்?

மஞ்சள் விளக்கு என்று காரணத்தோடுதான் சொல்கிறோம். கனரக வண்டிகளின் தானியங்கி பிரேக் பற்றிய ஐ.நா.வின் 131ஆம் எண் விதி, கருவி பழுதானாலோ நிறுத்தப்பட்டிருந்தாலோ தொடர்ந்து எரியும் ஒரு விளக்கைத்தான் கட்டாயமாகக் கேட்கிறது. எதிர் வெயிலில் அந்த விளக்கு எரிவதே தெரியாது. சாலையைப் பார்க்க வேண்டிய கண் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. விளக்கை மட்டும் வைத்துவிட்டு எச்சரித்துவிட்டோம் என்று சொல்வது, எச்சரிக்காமல் இருப்பதற்கு ஒப்பானது.

விபத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. தகவல் சொல்லாமல் சென்றால் 10 ஆண்டு வரை. அந்தப் பத்தாண்டுப் பிரிவுக்காக 2024 ஜனவரியில் நாடெங்கும் வண்டிகள் நின்றதையும், அதே ஆண்டு ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்ததையும் யாரும் மறக்கவில்லை. கவனக்குறைவு யாருடையது என்று நிரூபிக்கும் பதிவு வண்டியின் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியைத் திறக்கும் வழி கம்பெனியிடம் இருக்கும். டிரைவர் சிறையில் இருப்பார். இந்த அநியாயத்தை வரும் முன்பே தடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அறிக்கை.

எனவே சங்கம் கேட்பவை:

1. கருவி நின்றாலோ, பழுதானாலோ, கேமரா மறைந்து பார்வை இழந்தாலோ விளக்கு மட்டும் போதாது. மற்ற பீப் சத்தங்களோடு குழம்பாத தனி ஒலி, இருக்கையிலோ ஸ்டீயரிங்கிலோ அதிர்வு, ஓட்டுநர் தேர்ந்தெடுத்த மொழியில் குரல் ஆகிய மூன்றும் வேண்டும். “கருவி நின்றுவிட்டது, வண்டி உங்கள் கையில்” என்று தமிழில் சொல்ல எந்தக் கம்பெனிக்கும் பெரிய செலவு ஆகாது.

2. வண்டியின் ஓட்டத்தையே கருவி ஏற்கும் நிலை வந்தால், ஒப்படைப்பதற்குப் போதிய நேரம் தர வேண்டும். தானாகத் தடம் காக்கும் வண்டிகளுக்கான ஐ.நா.வின் 157ஆம் எண் விதி, பொறுப்பேற்கச் சொல்லிக் குறைந்தது 10 வினாடி காத்திருந்த பிறகே வண்டி தானாக நிற்கும் முயற்சியைத் தொடங்கலாம் என்கிறது. நம் விதியிலும் அந்த 10 வினாடி இடம்பெற வேண்டும்.

3. கருவி எப்போது வேலை செய்தது, எப்போது நின்றது, எப்படி எச்சரித்தது என்பது பதிவாக வேண்டும். அமெரிக்காவில் 2021 முதல், மோதலுக்கு முந்தைய 30 வினாடிக்குள் இத்தகைய உதவிக் கருவி இயங்கியிருந்தால் குறிப்பிட்ட விபத்துகளை நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கும் அந்தக் கடமை வேண்டும். பதிவின் நகல் ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். சென்னை ஐஐடி உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத் தளத்தில், கருவி இயங்கியதா என்பதற்கு ஒரு கட்டம் வேண்டும்.

4. அந்தப் பதிவைப் பெற்றுப் பார்க்காமல் ஓட்டுநர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கூடாது.

5. தானே ஓடும் என்ற பொருள் தரும் விளம்பரங்களைத் தடுக்க வேண்டும். சியோமி கார் விபத்துக்குப் பிறகு 2025 ஏப்ரலில் சீன அரசே இதைச் செய்தது.

உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். கேமராவுக்கு முன்னால் மாலையும் ஸ்டிக்கரும் வேண்டாம். சத்தம் தொல்லை என்று ஒயரைப் பிடுங்க வேண்டாம்; வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு நம்மில் சிலர் செய்ததை இதற்கும் செய்தால் நாம் கேட்கும் நியாயம் எடுபடாது. கருவி எச்சரிக்காமல் நின்றால், விபத்து நடக்காவிட்டாலும், தேதி, நேரம், இடம், வேகம் ஆகியவற்றை எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அமைச்சகத்திடம் வைக்க நமக்கு அதைவிட வலுவான சான்று இல்லை.

சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையில் நான்கு வழியில் வந்த வண்டிகள் இரு வழிப் புறவழிகளில் திடீரென நுழைந்து எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று இந்த வட்டாரத்துக்குத் தெரியும். சாலை சொல்லாமல் குறுகியதற்கு நாம் கொடுத்த விலை போதும். கருவி சொல்லாமல் கைவிடுவதற்கும் அதே விலையைக் கொடுக்க நாங்கள் தயாராக இல்லை. விதி வரும் வரை எந்த வண்டியிலும், எந்தக் கருவியை நம்பியும், ஓட்டுநர் தோழர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம்.