மலை மறைத்தால் என்ன?

ஹாம் ரேடியோ வைத்திருப்பவர் எங்கே வீடு பார்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் ரெடியாக வரும்: மேட்டில் பார். இல்லையா, பெருநகரத்தில் பார். ரிப்பீட்டர் இருக்கும், பேச நாலு பேர் இருப்பார்கள். இந்தக் கணக்கில் கம்பம் பள்ளத்தாக்கு முதல் சுற்றிலேயே அவுட். அதிலும் கோம்பை ரொம்ப மோசம். மேற்கே சுவர் மாதிரி ஏலமலைத் தொடர், உச்சியில் ராமக்கல்மேடு. கிழக்கே பள்ளத்தாக்கைத் தாண்டினால் மேகமலை. ‘கிணத்துக்குள்ள உக்காந்து யாரக் கூப்பிடப் போற?’ என்பார்கள்.

இந்த அறிவுரையில் பாதி உண்மை. 144 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. அதற்கு மலை என்றால் மலைதான். ஐரோப்பாவைப் பிடிக்க வடமேற்கே தாழ்வாக அனுப்பும் சிக்னலும் முட்டிக்கொள்ளும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஹாம் ரேடியோ அதோடு முடிந்துவிடுகிறதா? 7 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 20 மீட்டர் கம்பி போதும். இரண்டு தென்னைக்கு நடுவே தாழ்வாகவே கட்டுங்கள். சிக்னல் செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு மழை மாதிரி இறங்கும். பகலில் மதுரைக்கும் பேசலாம், சென்னைக்கும் பேசலாம். தலைக்கு மேலே போகிற அலைக்கு பக்கத்து மலை ஒரு பொருட்டே இல்லை.

அதே 20 மீட்டர் கம்பியை நகரத்து அபார்ட்மென்டில் கட்டிப் பாருங்களேன். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்துக் கொடுத்த உரிமம் உங்கள் கையில் இருக்கும். மொட்டை மாடிச் சாவி அசோசியேஷன் செயலாளர் கையில் இருக்கும். அவர் மனமிரங்கினாலும், நாற்பது வீட்டு சார்ஜரும் எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் சேர்ந்து போடும் இரைச்சலில் என்ன கேட்கும்? கோம்பையிலும் சார்ஜர் உண்டு, மின்கம்பத்தில் பொறி உண்டு. ஆனால் இங்கே இரைச்சல் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தேடிப் போய்ப் பேசித் தீர்க்கலாம்.

இதெல்லாம் வசதிக் கணக்கு. என் சண்டை வேறு. 2004 டிசம்பரில், பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்ப அனுமதி வாங்கி, பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் இருந்தார்கள். போனது பொழுதுபோக்குக்காகத்தான். 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி விழுந்தபோது, அந்தப் பொழுதுபோக்கே தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே சேதி கொண்டுபோனது. ஆபத்துக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஓடியும் இருக்கிறார்கள். ஆனால் முதல் சில மணி நேரம், ஏற்கெனவே அங்கே கம்பி கட்டியிருந்தவருக்குத்தான் சொந்தம்.

பெரு மழையில் குமுளி சாலையிலும் போடிமெட்டு சாலையிலும் மண் சரிவது எங்கள் பக்கம் புதிதல்ல. மின்சாரம் போய், செல்போன் கோபுரத்து பேட்டரியும் தீர்ந்த இரவில், ரிப்பீட்டர் உள்ள நகரத்தில் இருக்கும் இருநூறாவது ஹாம் யாருக்குப் பயன்படுவார்?

எல்லோரும் கிளம்பி வாருங்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகளின் பள்ளி, பெற்றோரின் மருத்துவமனை என்று ஆயிரம் காரணம் இருக்கும், நியாயம்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர், எந்த ஊரையும் தேர்ந்தெடுக்க முடிகிறவர், அவரிடம் மட்டும் கேட்கிறேன். ‘இங்கிருந்து எவ்வளவு தூரம் கேட்கும்?’ என்று வீடு பார்க்கிறீர்கள். ‘நான் இல்லாவிட்டால் இந்த ஊர்க் குரல் யாருக்குக் கேட்கும்?’ என்று ஒருமுறை பாருங்கள்.