விடுமுறையில் ஒரு சுழல் ராக்கெட்

லீவு விட்டாச்சு. “அம்மா, போர் அடிக்குது!” என்று பிள்ளைகள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார்களா? ஒரு ராக்கெட் செய்து கொடுங்கள். மருந்தும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம்.

தேவையானவை: பழைய நோட்டுத் தாள், பென்சில், செலோ டேப், காகித ஸ்ட்ரா, துளி சப்பாத்தி மாவு.

செய்முறை: 12 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் தாளை வெட்டுங்கள். பென்சில் மேல் நீளவாக்கில் சுற்றி, ஓரம் முழுவதும் டேப் ஒட்டுங்கள். குழாயை உருவி, ஒரு முனையை 1 செ.மீ. மடித்துக் காற்றுப் போகாமல் ஒட்டிவிடுங்கள். இது மூக்கு. மறுமுனையில் 2 செ.மீ. அளவில் மூன்று முக்கோண இறகுகளைச் சம இடைவெளியில் ஒட்டுங்கள். இறகுக்கு அட்டை வேண்டாம், வால் கனத்துவிடும். குழாயை ஸ்ட்ராவில் செருகி, ‘பூ’வென்று ஒரே மூச்சில் ஊதினால் பறக்கும்!

சுழல்வதற்கு: ஒவ்வொரு இறகின் பின் ஓரத்தையும் ஒரு நூலளவு, ஒரே பக்கமாக மடியுங்கள். சுழன்றால் என்ன லாபம் என்கிறீர்களா? அப்பளத்தைத் தணலில் திருப்பித் திருப்பிச் சுடுகிறோமே, ஒரு பக்கமே கருகாமல் இருக்க? அதே கதைதான். குழாயில் சிறு கோணல் இருந்தாலும், சுழலும்போது அது எல்லாத் திசையிலும் மாறி மாறி விழுவதால் ராக்கெட் ஒரு பக்கமாக ஓடாது. 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அந்த மாதிரி ஆய்வு ராக்கெட்டுகள் பலவற்றிலும் இறகைச் சற்றே சாய்த்துத்தான் வைப்பார்கள்.

சரி செய்ய: குட்டிக்கரணம் போட்டால் மூக்கு லேசாக இருக்கிறது, மிளகளவு மாவை மூக்கில் ஒட்டுங்கள். தலை குப்புற உடனே விழுந்தால் மாவைக் குறையுங்கள். கிறுகிறுவென்று சுற்றி, தூரம் போகாவிட்டால் மடிப்பு அதிகம். தள்ளாடினால் ஓர் இறகு எதிர்ப்பக்கம் மடிந்திருக்கும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மும்மூன்று முறை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். எதனால் சரியாச்சு என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

கவனிக்க: ஆளுக்கொரு ஸ்ட்ரா, எச்சில் மாறினால் சளியும் மாறும். முகத்தைப் பார்த்து ஊதக் கூடாது. ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டு ஓடவும் கூடாது. கைக்குழந்தைக்கு எட்டாமல் துண்டு துணுக்குகளைப் பொறுக்கி எறியுங்கள்.

முக்கியமாக ஒன்று. கொஞ்சம் வளர்ந்த பையன்கள், பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டி, சொந்தமாக ராக்கெட் செய்யக் கிளம்புவதுண்டு. வெறும் உரசலிலேயே அது பற்றிக்கொள்ளும். விரலும் கண்ணும் போய்விடும். தீபாவளி மிச்சம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தப்பித் தவறிக் கண்ணில் அடிபட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், கைவைத்தியமும் வேண்டாம். நேரே கண் டாக்டரிடம் ஓடுங்கள்.