டான்சில் ஆபரேஷனும் 24 மாதக் கணக்கும்

"குழந்தைக்கு அடினாய்டு பெருசா இருக்கு, டான்சிலும் சேர்த்து எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றார். பாலிசி எடுத்து ஒன்றரை வருஷம்தான் ஆகுது. இன்னும் 6 மாசம் தள்ளிப் போட்டா க்ளெய்ம் கிடைக்கும். தள்ளலாமா?"

வீடியோவில் ரெண்டு வரியில் பதில் சொல்லிட்டுப் போற கேள்வி இல்ல இது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த 6 மாசம் எங்கிருந்து வந்தது? காத்திருப்புக் காலம்னா நம்மில் பலருக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். பாலிசி எடுத்த முதல் 30 நாள், அப்புறம் ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கானது. மூன்றாவதா ஒண்ணு இருக்கு: குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கான காத்திருப்பு. 2020-ல் வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை எடுத்துப் பாருங்க. எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி விதிகளோடு இருக்கும் பாலிசி அது. அதில் 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் கண்புரை, குடலிறக்கம் எல்லாம் வரும். 30 வயசு ஆள் அதைப் பார்த்ததும் "இதெல்லாம் அப்பா அம்மாவுக்கு"ன்னு பக்கத்தைத் திருப்பிடுவார். அதே பட்டியலில்தான் டான்சிலும் அடினாய்டும் இருக்கு. அந்த வரி உங்க 4 வயசுக் குழந்தைக்கானது. மற்ற பாலிசிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

இப்போ வயசுக் கணக்கைப் பாருங்க. அடினாய்டு தொல்லை அதிகமா வருவது 3 முதல் 7 வயசுக்குள். டீன் ஏஜ் வரும்போது அது தானாகவே சுருங்கிடும். குழந்தைக்கு 3 மாசம் ஆனதும் ஃபேமிலி ஃப்ளோட்டரில் சேர்த்தால் ரெண்டேகால் வயசில் 24 மாதம் முடிஞ்சிடும். எல்கேஜி சேரும்போது பார்த்துக்கலாம்னு மூன்றரை வயசில் சேர்த்தால் ஐந்தரை வயசு வரைக்கும் கவர் கிடையாது. தேவைப்படும் வருஷங்கள் அப்படியே வெளியே போயிடும். அதோட, பெற்றோர் பாலிசி எடுத்த தேதி குழந்தைக்குக் கணக்கில் வராது. குழந்தையின் பெயர் சேர்ந்த தேதியில் இருந்துதான் அதற்கான கடிகாரம் ஓடும். டாக்டர் ஒரு சீட்டில் அடினாய்டுன்னு எழுதின பிறகு அதை மறைச்சு பாலிசி எடுப்பது வேஸ்ட். டிஸ்சார்ஜ் சம்மரியில் "எத்தனை வருஷமா குறட்டை" என்பதும் பதிவாகும்.

சரி, தள்ளலாமா? என் கருத்து: பாலிசிக்காகத் தள்ளவே கூடாது. தூக்கத்தில் மூச்சு நின்னு நின்னு வருது, வாயாலேயே மூச்சு விடுறான், காது சரியா கேக்கல என்று இருந்தால் அந்த 6 மாசம் குழந்தையின் தூக்கத்தில் இருந்தும் வளர்ச்சியில் இருந்தும் போகும். எமர்ஜென்சி ஃபண்ட் இதுக்குத்தானே வெச்சிருக்கோம்! கையில் பணம் இல்லைன்னா பர்சனல் லோனுக்கு முன்னாடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்க. அங்கே இது வழக்கமா நடக்கும் ஆபரேஷன்.

ஆனா எல்லாக் குழந்தைக்கும் கத்தி தேவைப்படாது. திரும்பத் திரும்பத் தொண்டை வலி மட்டும்தான் பிரச்சினை என்றால் மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு ஒண்ணு உண்டு: ஒரு வருஷத்தில் 7 முறை, அல்லது ரெண்டு வருஷம் தொடர்ந்து வருஷத்துக்கு 5 முறை, அல்லது மூணு வருஷம் தொடர்ந்து 3 முறை. அதுக்குக் கீழே இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம்னே சொல்வாங்க. "டாக்டர், 6 மாசம் கழிச்சுப் பண்ணினா என்ன ஆகும்?" என்று நேராகக் கேளுங்க. அவர் பதில்தான் முடிவு, பாலிசிப் பேப்பர் இல்ல.

ஆபீஸ் இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் அதைத்தான் பாருங்க. பல நிறுவனங்களின் குரூப் பாலிசியில் இந்தக் காத்திருப்பே கிடையாது. குழந்தையின் பெயர் அதில் ஏறியிருக்கான்னு ஹெச்ஆர்-ல் கேளுங்க. வேலை மாறும் எண்ணம் இருந்தால் ஆபரேஷனை நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரத்துக்கு வெக்காதீங்க. கடைசி வேலை நாளோடு கவர் முடிஞ்சிட்டா, அதுக்கப்புறம் வரும் செலவு உங்க தலையில்.

ரூம் வாடகையில் அசந்துடாதீங்க. நாளுக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு, நீங்க எடுத்தது 8,000 ரூபாய் ரூம்னு வெச்சுக்குவோம். வித்தியாசம் வெறும் 3,000-ன்னு தோணும். ஆனா சர்ஜன், தியேட்டர், மயக்க மருந்து டாக்டர் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவாங்க. அவை 80,000 ரூபாய் என்றால் கிடைப்பது 50,000 மட்டும். ஒரு ராத்திரி ஏசி டீலக்ஸ் ரூமுக்கு மொத்தம் 33,000 ரூபாய்! (மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் இந்த வெட்டு கிடையாது.) கோப்ளேஷன் முறை என்றால் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவிக்குத் தனிக் கட்டணம் வரும். அதை இன்சூரன்ஸ் ஏத்துக்குமான்னு முன் அனுமதி வாங்கும்போதே கேட்டுடுங்க.

கடைசியா லீவு. அப்பா அம்மா ரெண்டு பேரும் முதல் மூணு நாள் சேர்ந்து லீவு போட்டுட்டு, நாலாம் நாள் ரெண்டு பேரும் ஆபீஸ் கிளம்புவதுதான் பொதுவா நடக்குது. இந்த ஆபரேஷனுக்கு அது சரிப்படாது. தொண்டையில் படிஞ்ச வெள்ளைப் படலம் உதிர்வது 5 முதல் 10-ம் நாளுக்குள். வலி திரும்பக் கூடுவதும், ரத்தக் கசிவு அபாயமும் அப்போதுதான். ஆறுவதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். அதனால் லீவை ஆளுக்குப் பாதியா பிரிச்சுப் போடுங்க. ரெண்டாவது வாரத்தில் கட்டாயம் ஒருத்தர் வீட்டில் இருக்கணும். வாய் நாற்றமும் வெள்ளைப் படலமும் சாதாரணம்தான், பயப்பட வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பிரச்சினை. டாக்டர் எழுதின வலி மருந்தை நேரம் தவறாம கொடுத்தால் குழந்தை தானாகக் குடிக்கும். இருமல் சிரப்பை நீங்களா கடையில் வாங்காதீங்க. டான்சில் எடுத்த குழந்தைகளுக்குக் கோடீன் கூடாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே எச்சரிச்சிருக்கு.

சிவப்பா ரத்தம் வந்தால், கொஞ்சமா இருந்தாலும், நேரா ஆஸ்பத்திரிக்குத்தான். அதனால் பள்ளி லீவுதானேன்னு அந்த ரெண்டு வாரத்தில் ஊருக்கு பஸ் டிக்கெட் போட்டுடாதீங்க. பாட்டியை இங்கே வரச் சொல்லுங்க.