"ஃபார்மட் பண்ணிடலாம்" என்றால் கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களும், வைக்க நினைப்பவர்களும் மட்டும் பொறுமையாகப் படித்தால் போதும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய மடிக்கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அதனால் எனக்குத் தெரிந்தவர்களே பலர் இப்போது பக்கத்தில் உபுண்டுவோ மின்ட்டோ போட்டுப் பார்க்கிறார்கள். நல்லதுதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

சிக்கல் ஒருநாள் காலையில் வரும். லினக்ஸ் வராது, இல்லையென்றால் விண்டோஸ் வராது, இல்லையென்றால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி நிற்கும். உடனே பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். அங்கே எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: ஃபார்மட். இதை நான் வைத்தியம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். தலைவலிக்குத் தலையை எடுப்பது போன்றது அது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது ஆசிரியை. விண்டோஸ் ஒரு அப்டேட் போட்ட மறுநாள் உபுண்டு காணாமல் போய்விட்டது. கடையில் எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். நான்கு வருடத்து வினாத்தாள்கள், இறந்துபோன அவள் அம்மாவின் போட்டோக்கள், எல்லாம் உபுண்டு பக்கம் இருந்தவை. "கடைக்குக் கொண்டுபோகிறதுக்கு முன்னால் திரையில் என்னம்மா வந்தது?" என்று கேட்டேன். "ஒண்ணும் வரலை சார், மெனு இல்லாம நேரா விண்டோஸ் வந்துச்சு" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கடைக்காரர் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்டடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு காவலாளி. வருகிறவரை எந்தக் கட்டடத்துக்கு அனுப்புவது என்பது அவர் வேலை. லினக்ஸ் போடும்போது 'க்ரப்' என்ற காவலாளி வருகிறார். அவருக்கு இரண்டு கட்டடமும் தெரியும். விண்டோஸ் பெரிய அப்டேட் போடும்போது சில சமயம் தன் காவலாளியை முன்னால் நிறுத்திவிடுகிறது. அவருக்குத் தெரிந்தது ஒரே கட்டடம். அவ்வளவுதான் நடந்தது. மற்றக் கட்டடம் இடியவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் எஃப்2 அல்லது எஃப்12 (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலவற்றில் எஃப்9, எஸ்கேப்) அழுத்தி, பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றினால் பழைய மெனு வந்துவிடும்.

மெனு வருகிறது, ஆனால் அதில் விண்டோஸ் இல்லை என்றால் அது வேறு சங்கதி. 2021-ல் வந்த க்ரப் 2.06-லிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் 'ஓஎஸ்-ப்ரோபர்' தானாக ஓடாது. லினக்ஸுக்குள் போய் அதை இயக்கிவிட்டு, 'அப்டேட்-க்ரப்' கட்டளை கொடுத்தால் விண்டோஸ் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும்.

'க்ரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரையில் நிற்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். காவலாளி வந்துவிட்டார், அவருடைய நோட்டுப் புத்தகம் இருந்த அறையைக் காணவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் யாரோ விண்டோஸிலிருந்து "இந்த இடம் சும்மா இருக்கிறதே" என்று லினக்ஸ் பகுதியை அழித்திருப்பார்கள், அல்லது பகுதிகளை மாற்றியதில் அவற்றின் எண் மாறியிருக்கும். அழித்திருந்தால்கூட விண்டோஸ் பத்திரமாகத்தான் இருக்கும். புதிய மடிக்கணினி என்றால் அதே பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எண்தான் மாறியிருக்கிறது என்றால், லினக்ஸ் போட்ட அந்தப் பழைய பென் டிரைவிலிருந்தே திறந்து க்ரப்பைத் திரும்ப நிறுவலாம்.

அந்தப் பென் டிரைவைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். எதையும் நிறுவாமல், 'ட்ரை' என்பதைக் கொடுத்து அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டலாம். பூட்டாத டிஸ்க் என்றால் உள்ளே இருக்கும் கோப்புகள் எல்லாம் தெரியும். முதலில் அவற்றை வெளியே எடுத்துவிட்டு, பிறகு எந்தச் சோதனை வேண்டுமானாலும் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் போட்டிருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அப்போது அந்தப் பகுதியைப் படிக்க மட்டும்தான் லினக்ஸ் விடும். எடுப்பதற்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. 'செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு' என்று யூட்யூபில் எல்லோரும் சொல்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பலருடைய லினக்ஸை 'எஸ்பேட்' பிழை காட்டித் தடுத்தபோது அதைத்தான் முதலில் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் பிட்லாக்கர் போட்ட கம்ப்யூட்டரில் அப்படிச் செய்தால் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண் கேட்கலாம். அது இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பது உங்களுக்கே கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்துவிட்டுக் கைவையுங்கள்.

கடைக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஃபார்மட்டுக்கு எழுநூறு கொடுக்கும் நாம், "அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், வரிசையை மாற்றினேன்" என்று ஒருவர் இருநூறு கேட்டால், ஒரு பட்டனைத் தட்டியதற்கா என்று கேட்கிறோம். அப்புறம் அவர் ஏன் யோசிக்கப் போகிறார்? "அழிக்காமல் சரிசெய்ய எவ்வளவு?" என்று நாம்தான் முதலில் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாது என்றால் கொண்டுவந்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் காட்டினால் பதற வேண்டாம். ஒன்று கம்ப்யூட்டரின் கடிகாரத்தை நம் நேரமாக எடுத்துக்கொள்கிறது, மற்றது உலகப் பொது நேரமாக. பேட்டரி போய்விட்டது என்று அதற்கும் காசு கொடுத்து வந்தவர்கள் உண்டு.

யாருக்காவது இப்படி நின்றுபோனால், எல்லா வரியும் தெரியும்படி திரையைப் போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள். கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். "ஓடலை சார்" என்று மட்டும் எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது.